ஆலோசனைக்குக் கட்டணம் கொடுக்கலாமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, ஒரே ஐயத்தைச் சுற்றி அமைந்திருந்தன. பணத்தை எங்கே போடுவது என்று சொல்வதற்காக ஒருவருக்குத் தனியே கட்டணம் கொடுக்க வேண்டுமா, கொடுத்தால் அதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்பதே அந்த ஐயம். ஆகவே பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து, 60 வயதில், சென்ற மே மாதம் ஓய்வு பெற்றேன். மாத ஓய்வூதியம் 46,000 ரூபாய். பணிக்கொடை, சேமநல நிதி, விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்ந்து 52 லட்சம் ரூபாய் வங்கிக் கணக்கில் இருக்கிறது. பணம் வந்த வாரத்திலேயே வங்கியிலிருந்து வீட்டுக்கு வந்து, ஆண்டுக்கு 5 லட்சம் வீதம் ஐந்தாண்டுகள் கட்டினால் பத்தாம் ஆண்டு முடிவில் 37 லட்சம் கிடைக்கும் என்று ஒரு காப்பீட்டுத் திட்டத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். என் மகனோ ஒரு நிதி ஆலோசகரைப் பார்க்கச் சொல்கிறான். அவர் 25,000 ரூபாய் கட்டணம் கேட்கிறார். சிறிய மளிகைக் கடை நடத்தும் என் கணவர், “வங்கிக்காரர்கள் இலவசமாகச் சொல்வதற்கு இவருக்கு எதற்கு இருபத்தைந்தாயிரம்?” என்கிறார். என்ன செய்வது?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: அம்மா, தங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலான குடும்பங்களில் இந்த இடத்தில்தான் பேச்சு நின்றுபோகிறது. வங்கியிலிருந்து வந்தவர் சொன்ன ஆலோசனையும் இலவசமானதன்று. அதற்கான கூலி தங்கள் கையிலிருந்து நேராகப் போகாமல், தாங்கள் கட்டப்போகும் பிரீமியத்திலிருந்து கமிஷனாகப் போகிறது. கண்ணுக்குத் தெரியாமல் போவதால் அது இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே, இந்த ஆலோசனைக்கான பணத்தை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வருமானம் பெறுகிறவர் நல்லவராகவே இருந்தாலும், “இது உங்களுக்கு வேண்டாம்” என்று சொன்னால் அன்றைக்கு அவருக்கு வருமானம் இல்லை.

இனி அந்தத் திட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். 25 லட்சம் போட்டு 37 லட்சம் எடுப்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி லாபம் போலத் தோன்றும். ஆனால் ஆண்டுக்கு 5 லட்சமாக ஐந்து தவணை கட்டி, முதல் தவணையிலிருந்து பத்தாண்டுகள் காத்திருந்து பெறும் 37 லட்சம் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதக் கூட்டு வட்டிக்குத்தான் சமம். அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் கிடைக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது, அதே ஆண்டு அதன் உச்சவரம்பும் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. அரசு இந்த வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது என்றாலும், கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டுகளுக்கும் மாறாது. 8.2 சதவீதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கைக்கு வரும். வட்டிக்கு வரி உண்டே என்று கேட்பீர்கள். தங்கள் ஓய்வூதியத்தையும் இந்த வட்டியையும் சேர்த்தால் ஆண்டு வருமானம் 8 லட்சத்தை ஒட்டித்தான் வரும். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, இத்தகைய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவரை வரித் தள்ளுபடி கிடைக்கிறது.

இவ்வளவையும் இந்தப் பத்தியிலேயே படித்துவிட்டோமே, ஆலோசகர் எதற்கு என்று தோன்றலாம். நான் சொன்னது எந்தத் திட்டத்தில் எவ்வளவு வட்டி என்பது மட்டுமே, அதைச் செய்தித்தாள் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். நல்ல ஆலோசகர் திட்டத்தின் பெயரைச் சொல்லுமுன் வேறு சிலவற்றைக் கேட்பார். கடைக்கு வாங்கிய கடன் ஏதேனும் தங்கள் பெயரிலோ தங்கள் ஜாமீனிலோ இருக்கிறதா? தங்களுக்குப் பின் கணவருக்கு வரக்கூடிய குடும்ப ஓய்வூதியம் தங்கள் ஓய்வூதியத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அந்தத் தொகையில் அவரால் வாழ முடியுமா? அரசு ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் கணவரின் பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா? மகனுக்கு வீடு கட்ட உதவுவதாக எப்போதாவது வாக்குக் கொடுத்திருக்கிறீர்களா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகுதான், 52 லட்சத்தில் எவ்வளவை உடனே எடுக்கும்படி வைப்பது, எவ்வளவை ஐந்தாண்டுக்குக் கட்டிவைப்பது, விலைவாசி உயர்வுக்கு ஈடுகொடுக்க எவ்வளவைப் பங்கு சார்ந்த முதலீட்டில் சிறிதுசிறிதாகச் சேர்ப்பது என்று சொல்ல முடியும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால் இன்றைக்கு மாதம் 40,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் 80,000 ரூபாய் தேவைப்படும். தங்கள் ஓய்வூதியத்தோடு அகவிலைப்படி உயரும் என்பது பெரிய பலம், அந்தப் பலத்தைக் கணக்கில் சேர்த்துத் திட்டம் போடுகிறவரே தங்களுக்கு உகந்தவர்.

வங்கிக்காரர்களிடம் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், சிறு பிடித்தங்கள் போகப் பணம் திரும்பி வரும். எங்கே போடுவது என்று முடிவாகும்வரை முழுத் தொகையையும் ஒரே வங்கியில் வைத்திருப்பதும் சரியன்று. வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரைதான். 52 லட்சத்தில் 25,000 ரூபாய் என்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. எழுத்தில் முழுத் திட்டம் தந்து, ஓராண்டுக்குப் பின் ஒருமுறையாவது உட்கார்ந்து சரிபார்க்க ஒப்புக்கொள்கிற ஆலோசகராக இருந்தால், அந்தக் கட்டணம் நியாயமானதென்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: நிதி ஆலோசகர், மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர், காப்பீட்டு முகவர், வங்கியின் ‘ரிலேஷன்ஷிப் மேனேஜர்’ என்று பலரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். எனக்கு 34 வயது, கையில் சுமார் 10 லட்சம் ரூபாய் முதலீடு இருக்கிறது. யார் யாரென்று எப்படிப் பிரித்தறிவது?
— தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: அவர்களுடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். கட்டணம் பெற்று ஆலோசனை தருகிறவர், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான செபியின் 2013-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளின்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவருடைய எண் ‘ஐ.என்.ஏ.’ என்ற எழுத்துகளில் தொடங்கும், செபியின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். மியூச்சுவல் ஃபண்டு என்பது பலரின் பணத்தைத் திரட்டிப் பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் போடும் திட்டம், அதை விற்கும் விநியோகஸ்தருக்கு இருப்பது ‘ஏ.ஆர்.என்.’ எனப்படும் எண். இவர் ஃபண்டு நிறுவனத்திடமிருந்து ஆண்டுதோறும் கமிஷன் பெறுகிறார். காப்பீட்டு முகவர் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டவர், வங்கி ஊழியர் தம் வங்கிக்காக விற்கிறவர். ஒவ்வொருவர் தொழிலும் நேர்மையான தொழில்தான், ஆனால் ஒருவர் செய்யும் வேலையை மற்றவர் செய்வதாக நாம் நம்பிவிடும்போதுதான் இழப்பு வருகிறது.

2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்டுக்கும் ‘டைரக்ட்’ திட்டம் உண்டு. அதில் விநியோகஸ்தருக்கான கமிஷன் இல்லாததால் செலவு குறைவு. கட்டணம் பெறும் ஆலோசகர் தம் வாடிக்கையாளருக்கு இந்தத் திட்டங்களையே பரிந்துரைப்பார், அதே வாடிக்கையாளரிடமிருந்து கட்டணத்தோடு கமிஷனையும் பெறுவதற்கு விதிமுறைகளில் இடமில்லை. ஆண்டுச் செலவில் ஒரு சதவீத வேறுபாடு சிறியதாகத் தோன்றும். உங்களுடைய 10 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 96 லட்சம் ஆகும், 11 சதவீதம் வளர்ந்தால் ஏறத்தாழ 80 லட்சம்தான் ஆகும். நடுவில் உள்ள 16 லட்சம், அந்த ஒரு சதவீதத்தின் விலை. (12 சதவீதம் கிடைக்கும் என்று நான் வாக்களிக்கவில்லை, வேறுபாட்டைக் காட்டவே இந்தக் கணக்கு.)

எனினும் இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. முதலீடு 2 லட்சம் ரூபாயாக இருப்பவருக்கு ஒரு சதவீதம் என்பது ஆண்டுக்கு 2,000 ரூபாய்தான். அவர் 20,000 ரூபாயும் அதற்குமேல் ஜி.எஸ்.டி.யும் கட்டி ஆலோசகரை வைத்துக்கொள்வதைவிட, பொறுப்பாகப் பேசுகிற, கூப்பிட்டால் வருகிற உள்ளூர் விநியோகஸ்தரிடம் போவதே சிக்கனம். உங்களைப் போல 10 லட்சத்தில் இருப்பவர், ஒருமுறை மட்டும் கட்டணம் செலுத்தி முழுத் திட்டம் வாங்கிக்கொண்டு, சில ஆண்டுகள் தாமே அதைப் பின்பற்றி, திருமணம், குழந்தை, வீடு என்று வாழ்க்கை மாறும்போது மறுபடி போவது பொருத்தமாக இருக்கும். கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. நிலையான கட்டணமாக வாங்குவதென்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்க்கு மேலும், சொத்து மதிப்பில் சதவீதமாக வாங்குவதென்றால் ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேலும் போகக்கூடாது என்பது செபியின் விதி. நான் பார்த்தவரை நடுத்தரக் குடும்பங்களுக்கான கட்டணம் இந்த வரம்புக்கு வெகு கீழேயே இருக்கிறது.

முதல் சந்திப்பில் அவர் உங்கள் வரவுசெலவையும் கடனையும் குடும்பத்தையும்பற்றிக் கேட்காமல், எடுத்த எடுப்பிலேயே ஃபண்டுகளின் பட்டியலை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். முதலீட்டுப் பணத்தை எந்தக் காரணத்துக்காகவும் ஆலோசகரின் கணக்குக்கு அனுப்பக் கூடாது. அவருக்குப் போக வேண்டியது கட்டணம் மட்டுமே, அதற்கும் எழுத்தில் ஒப்பந்தமும் ரசீதும் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவர் தம்மை நிதி ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு, மாதம் ஒன்றரை சதவீதம், அதாவது ஆண்டுக்கு 18 சதவீதம் உறுதியாகத் தருவதாகச் சொல்கிறார். என் உறவினர்கள் இருவருக்கு ஆறு மாதமாகச் சரியாகப் பணம் வருகிறது. நம்பலாமா?
— வாசகர், ஆரணி

பதில்: வேண்டாம். பதிவு பெற்ற எந்த ஆலோசகரும் வருமானத்துக்கு உறுதி தர முடியாது, தருவதை செபி தடை செய்திருக்கிறது. ஆறு மாதம் சரியாக வருவது நம்பிக்கைக்கு ஆதாரமாகாது. புதிதாகச் சேர்கிறவர்களின் பணத்தையே முன்னால் சேர்ந்தவர்களுக்கு வட்டியாகக் கொடுத்தாலும் அது சரியாகத்தான் வந்துகொண்டிருக்கும். இப்படிப் பணத்தை இழந்தவர்களுக்காகவே தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் 1997-இலேயே இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின்கீழ் சொத்துகளை முடக்கி, ஏலம் விட்டு, பங்கிட்டுக் கொடுப்பதற்குள் ஆண்டுகள் பல ஓடிவிடுகின்றன, போட்ட பணம் முழுவதும் திரும்புவது அரிது. உங்கள் உறவினர்களையும் அவரிடம் தங்கள் அசலை இப்போதே திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அச்சுத்தொழில் செய்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஓர் ஆலோசகருக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் கொடுத்து வருகிறேன். கடையின் பணத்தையும் வீட்டின் பணத்தையும் தனித்தனிக் கணக்குகளில் பிரிக்க வைத்தார், இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசி ஒன்றை எடுக்க வைத்தார், சந்தை இறங்கியபோது நான் எஸ்.ஐ.பி. என்ற மாதாந்திர ஃபண்டு முதலீட்டை நிறுத்தப் போனேன், தடுத்துவிட்டார். ஆனால் அவர் சொன்ன ஃபண்டுகள் பங்குச் சந்தையின் நிஃப்டி குறியீட்டைவிட ஒன்றும் அதிகமாகத் தரவில்லை. 90,000 ரூபாய் வீண்தானே?
— வாசகர், சிவகாசி

பதில்: நீங்கள் குறையாக எழுதியிருக்கும் கடிதத்தை நான் நற்சான்றாகவே படித்தேன். சந்தைக் குறியீட்டை ஆண்டுதோறும் தாண்டுவது பெரிய ஃபண்டு மேலாளர்களுக்கே அரிதாக இருக்கும்போது, அதை ஆலோசகரிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர் உங்களை எந்தெந்தத் தவறுகளிலிருந்து காத்தார் என்று கணக்கிட வேண்டும், இதில் கடினம் என்னவென்றால் நடக்காமல் போன இழப்புக்கு ரசீது கிடையாது.

2020 மார்ச் 23-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். அன்று ஒரே நாளில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்து 26,000-க்குக் கீழே வந்து நின்றது. அந்த வாரத்தில் பயந்து எடுத்தவர்கள் பலர். அதே ஆண்டின் கடைசி நாளில் சென்செக்ஸ் 47,700-க்கு மேல் இருந்தது. சரிந்த நாளில் 10 லட்ச ரூபாயை எடுத்துக்கொண்டு ஓடியவர், ஒன்பது மாதங்களில் எட்டு லட்ச ரூபாயளவு வளர்ச்சியை விட்டுவிட்டுப் போனார். அந்த நேரத்தில் அவருக்குப் புதிய ஃபண்டின் பெயர் தேவைப்படவில்லை, “இந்தப் பணம் உங்கள் மகளின் கல்லூரிக்கு, அதற்கு இன்னும் பதினொரு ஆண்டுகள் இருக்கின்றன, இன்று எடுக்க வேண்டிய அவசியம் என்ன?” என்று தொலைபேசியில் நிதானமாகக் கேட்க ஒரு மனிதர் தேவைப்பட்டார். உங்களுக்கு அந்த மனிதர் கிடைத்திருக்கிறார்.

அவரிடம் இன்னொன்றைக் கேளுங்கள். நீங்கள் தொழில் செய்கிறவர், கடன் வாங்குகிறவர். உங்கள் டேர்ம் பாலிசி 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டதா? அப்படி எடுத்திருந்தால், உங்களுக்கு ஏதேனும் நேரும் சூழலில் வரும் காப்பீட்டுத் தொகை உங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் உரியதாகத் தனித்து நிற்கும், தொழில் கடன் கொடுத்தவர்கள் அதன்மீது உரிமை கோர முடியாது. இதைப் பாலிசி எடுக்கும்போதே குறிப்பிட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. அவர் இதைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் அது உண்மையான குறை, அதற்காக அவரிடம் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம். அவர், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறியீட்டு ஃபண்டுகளைத் தவிர்த்துவிட்டு அதிகச் செலவுள்ள ஃபண்டுகளையே சொல்லியிருந்தால், அதற்கும் காரணம் கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் நான்கு மாதங்களுக்கு முன் காலமானார். முதலீடுகள் அனைத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். என்னென்ன இருக்கின்றன என்றே எனக்குத் தெரியவில்லை. இப்போது ஓர் ஆலோசகரிடம் போவதால் பயன் உண்டா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். பயன் உண்டு, ஆனால் இந்த நேரத்தில் புதிய முதலீட்டைப் பற்றி யார் பேசினாலும் ஓராண்டு கழித்து வரச் சொல்லுங்கள். இப்போது வேண்டியது, இருப்பதைக் கண்டெடுத்து ஒழுங்குபடுத்தும் வேலை.

என் பெரியப்பா இறந்தபோது நான் இதை அருகிலிருந்து பார்த்தேன். மரப்பெட்டியில் மூன்று பாலிசிகள் இருந்தன. அவற்றில் இரண்டு, பிரீமியம் கட்டாமல் எப்போதோ காலாவதியாகியிருந்தன. மூன்றாவதில் நாமினியாக இருந்தவர் அவருக்கு முன்பே இறந்துபோன அவருடைய தாயார். பெரியம்மா வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் ஒன்றரை ஆண்டுகள் நடந்தார். அந்தக் காகிதங்களை உயிரோடு இருந்தபோது யாராவது ஒருவர், வருடத்துக்கு ஒருமுறை, கையில் எடுத்துப் பார்த்திருந்தால் அவ்வளவு அலைச்சலும் தேவைப்பட்டிருக்காது. நிதி ஆலோசகர்களைப் பற்றி நான் தொடர்ந்து எழுதுவதற்கு அந்த ஒன்றரை ஆண்டுகளே காரணம்.

கணவரின் வங்கிக் கணக்குகளின் மூன்றாண்டு விவரப் பட்டியலை முதலில் வாங்குங்கள். ஆண்டுதோறும் ஒரே தேதியில் பணம் போயிருந்தால் அது பிரீமியமாக இருக்கலாம், மாதந்தோறும் போயிருந்தால் எஸ்.ஐ.பி.யாக இருக்கலாம். அவருடைய பான் எண்ணை வைத்து எல்லா மியூச்சுவல் ஃபண்டுகளையும் ஒரே அறிக்கையில் பார்க்க வழி இருக்கிறது. பத்தாண்டுகளாக யாரும் தொடாத வங்கிக் கணக்குகளைத் தேடுவதற்கு ரிசர்வ் வங்கி 2023-இல் ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது, அதிலும் பாருங்கள். நாமினியாக இருப்பவரே உரிமையாளர் என்று எண்ணிவிட வேண்டாம். பங்குகள், மியூச்சுவல் ஃபண்டுகள் ஆகியவற்றில் நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே மாமியார் உயிரோடு இருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் பங்கு உண்டு என்பதை மனத்தில் வைத்து, குடும்பத்துக்குள் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. இவ்வேலைக்காக மட்டும் கட்டணம் பேசி ஆலோசகரை அமர்த்தலாம், அவரோடு ஒரு வழக்கறிஞரும் தேவைப்படலாம்.

கேள்வி: பின்னலாடை நிறுவனத்தில் மாதம் 18,000 ரூபாய் சம்பளம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். எனக்கும் நிதி ஆலோசகர் தேவையா?
— வாசகர், திருப்பூர்

பதில்: இப்போது தேவையில்லை, அந்தக் கட்டணத்தை அவசரத் தேவைக்கான சேமிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்தின் மருத்துவச் செலவுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, அந்த அட்டையில் மனைவி, குழந்தைகள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் வங்கியில் ஒரு படிவம் கொடுத்தால் ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும் கிடைக்கும். இவை பிரதமரின் பெயரிலுள்ள ஜீவன் ஜோதி, சுரக்ஷா திட்டங்கள், முன்னதில் 50 வயதுக்குள் சேர வேண்டும். சீட்டுப் போடுவதாக இருந்தால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவான சீட்டாகப் பார்த்துப் போடுங்கள்.

இவற்றோடு, பி.எஃப். பிடிக்கப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், பணியில் இருக்கும்போது இறக்க நேர்ந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடிய காப்பீடு ஒன்று அதே பி.எஃப். கணக்கோடு சேர்ந்தே இருக்கிறது. இதற்காக உங்கள் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிப்பதில்லை, நிறுவனமே கட்டுகிறது. பி.எஃப். உறுப்பினருக்குத் தரப்படும் உங்கள் யூ.ஏ.என். எண்ணைக் கொண்டு பி.எஃப். இணையதளத்தில் நாமினி விவரத்தை இந்த வாரமே பதிவு செய்துவிட்டு, அந்த எண்ணை மனைவியிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.